நீண்ட நாள் மனக்காயம்: எந்த தெரபியில் ஆரம்பிப்பது?

கேள்வி: எனக்கு வயது 34. திருப்பூரில் தனியார் பள்ளி ஆசிரியை. ஆறு வயதிலிருந்து பதினேழு வரை, குடித்துவிட்டு வரும் அப்பாவிடம் அம்மாவும் நானும் வாங்காத அடி இல்லை. அவர் குடியை விட்டு எட்டு வருடமாகிறது. பக்கவாதம் வந்தபின் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். இன்றும் ராத்திரி கேட் கொண்டி சத்தம் கேட்டால் என் கை சில்லிட்டுவிடும். மகளிடம் சின்ன விஷயத்துக்கு வெடித்துவிட்டு, 'நானும் அவர் மாதிரிதான்' என்று பாத்ரூமில் உட்கார்ந்து அழுகிறேன். ஒருவர் இஎம்டிஆர் செய்யலாம் என்கிறார், இன்னொருவர் சிபிடி போதும் என்கிறார். தோழி, மனதுக்குள் இருக்கும் சின்ன வயது நம்மைத் தேற்றச் சொல்லும் 'உள்குழந்தை' வீடியோக்களாக அனுப்புகிறாள். ஒரு முறைக்கு 1,500 ரூபாய். எதில் போடுவது?

பதில்: கேட் சத்தம், மகளிடம் வெடிப்பு, பாத்ரூம் அழுகை. மூன்றுக்கும் வேர் ஒன்றுதான், ஆனால் வைத்தியம் ஒன்றல்ல. ஒரு விபத்தில் சிக்கியவருக்குப் பெரும்பாலும் முதலாவது மட்டும் இருக்கும். வருடக்கணக்கில், தப்பிக்க வழியில்லாமல் அடி வாங்கியவருக்குக் கோபதாபத்தை அடக்கும் பிடியும், தன்னைப் பற்றிய எண்ணமும், மற்றவரிடம் ஒட்டும் விதமும் சேர்ந்தே கெடுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11 இதைச் சிக்கலான பிடிஎஸ்டி (பெரும் அதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் மனப் பாதிப்பு) என்று தனியாகவே குறிக்கிறது. உங்களுக்கு இருப்பது அதுதானா என்பதை நேரில் பார்ப்பவர்தான் சொல்ல வேண்டும்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்ப்போம். ஆங்கிலத்தில் CBT, CPT என்று இரண்டு வேறு பெயர்கள். தமிழில் எழுதினால் இரண்டும் 'சிபிடி'தான். CBT என்பது எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பொதுவான முறை. பதற்றம், மனச்சோர்வு எல்லாவற்றுக்கும் தருவார்கள். அதை மட்டும் செய்தால் உங்கள் பழைய காயத்தைத் தொடாமலே பத்து வாரம் ஓடிவிடும். CPT என்பது உளவியலாளர் பட்ரீஷியா ரெசிக் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக உருவாக்கியது. சுமார் 12 அமர்வுகள். 'அன்றைக்கு நான் கதவைத் திறக்காமல் இருந்திருந்தால் அம்மா அடி வாங்கியிருக்க மாட்டாள்' என்பது போல மனதில் மாட்டிக்கொண்ட ஒரு வாக்கியத்தை எடுத்து, ஒன்பது வயதுக் குழந்தையால் அன்று என்ன செய்திருக்க முடியும் என்று எழுதி எழுதி விசாரிப்பார்கள். உங்கள் பாத்ரூம் அழுகைக்கு இது பொருந்தும். 'போதும்' என்று சொன்னவரிடம் எந்த சிபிடி என்று கேளுங்கள்.

இஎம்டிஆர் 1987-இல் ஃப்ரான்சின் ஷாபிரோ கண்டது. கேட் திறக்கும் அந்தக் காட்சியை மனதில் பிடித்தபடி, தெரபிஸ்டின் விரல் இடமும் வலமும் போவதைக் கண்ணால் தொடர்வீர்கள். அரை நிமிடம் ஆனதும் 'இப்போது என்ன தோன்றுகிறது?' என்பார். சொல்லுவீர்கள், மறுபடி விரல் நகரும். கண்ணசைவுக்கு அதில் எவ்வளவு பங்கு என்று நிபுணர்களே இன்னும் சண்டை போடுகிறார்கள். பலன் இருக்கிறது என்பதில் அவ்வளவு சண்டை இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2013 வழிகாட்டுதலிலேயே இதைப் பிடிஎஸ்டிக்குப் பரிந்துரைத்தது. உங்களுக்கு இதில் இன்னொரு வசதி: வீட்டுப்பாடம் குறைவு. நடந்ததைச் சத்தமாகச் சொல்லி ரெக்கார்ட் செய்து வீட்டில் தினமும் கேட்கச் சொல்லும் முறையும் நல்லதுதான், ஆனால் பக்கத்து அறையில் அப்பா படுத்திருக்கும் வீட்டில் அதை எப்படிச் செய்வீர்கள்?

ஒரு சம்பவத்தைப் பிடிக்க முடியவில்லை, பதினோரு வருடமும் ஒரே மூட்டையாக இருக்கிறது என்றால், நெட் (NET, வாழ்க்கைக் கதையைச் சொல்லிச் சொல்லி ஆற்றும் தெரபி) என்று ஒரு முறை உண்டு. பிறந்ததிலிருந்து இன்றுவரையிலான வாழ்க்கையைக் கயிறாகத் தரையில் விரித்து, நல்லது நடந்த இடத்தில் பூவும், கெட்டது நடந்த இடத்தில் கல்லும் வைப்பார்கள். பிறகு ஒவ்வொரு கல்லாகக் கதை சொல்ல வேண்டும். போரும் சுனாமியும் பார்த்த வடகிழக்கு இலங்கைக் குழந்தைகளிடம் இதன் சிறுவர் வடிவத்தையும் தியானம்-தளர்வுப் பயிற்சியையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டிலும் பெரும்பாலான குழந்தைகள் தேறினார்கள். 'என் முறை மட்டும்தான்' என்று அடித்துப் பேசுபவர்களைக் கண்டால் எனக்கு இந்த ஆய்வுதான் ஞாபகம் வரும்.

சரி, மகள் விஷயம். முதலில் பாதுகாப்பு, அப்புறம் நினைவு என்ற வரிசையை அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-இல் எழுதினார். அதைப் பிடித்துக்கொண்டு மூச்சுப்பயிற்சியிலேயே இரண்டு வருடம் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள், அது தேவையில்லை. அதேசமயம், கோபத்தைப் பிடிக்கத் தெரியாமல் நேரே நினைவுக்குள் இறங்கினால் பாதியில் விட்டுவிடும் ஆபத்து உண்டு. ஜெர்மனியில் சிறுவயது வன்முறைக்கு ஆளான பெண்களிடம் நடந்து 2020-இல் வெளிவந்த ஆய்வில், உணர்ச்சியைக் கையாளும் திறன்களையும் சேர்த்துக் கற்றுத்தந்த டிபிடி-பிடிஎஸ்டி என்ற தெரபியும் ரெசிக்கின் முறையும் இரண்டுமே பலன் தந்தன. முன்னதில் பலன் சற்றே கூடுதல், பாதியில் நின்றவர்களும் குறைவு.

ஆகவே உங்கள் இடத்தில் நான் இருந்தால், ஆறு முதல் எட்டு வாரம் திறன் பயிற்சி: வெடிப்புக்கு முந்தைய அரை நிமிடத்தை உடம்பில் கண்டுபிடிப்பது, அங்கே நிறுத்துவது. அதன்பின் இஎம்டிஆரோ ரெசிக் முறையோ, யாரிடம் முறையான பயிற்சி இருக்கிறதோ அது. உள்குழந்தை வீடியோக்களுக்கு உறுதியான ஆய்வு ஆதாரம் குறைவு. அதைவிட, ராத்திரி பதினொரு மணிக்குத் தனியாக அந்தக் கதவைத் திறப்பதுதான் எனக்குப் பயம்.

போகும் முன் ஆள் யாரென்று பாருங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு மன்றம்) பதிவு எண் கேட்கலாம், அதில் கூச்சம் வேண்டாம். சில நேரம் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்றே தெரியாமல் நிமிடங்கள் காணாமல் போகின்றனவா? சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா? இரண்டையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள், திட்டமே மாறும். முதல் அமர்விலேயே எல்லாவற்றையும் கொட்டச் சொல்பவர், ஒரே முறையில் குணம் என்பவர், 'வயசானவர், மன்னித்துவிடுங்கள்' என்று தொடங்குபவர், மூவரிடமும் மறுபடி போக வேண்டாம். அப்பாவுக்குச் சோறு ஊட்டுவது உங்கள் முடிவு, மன்னிப்பது உங்கள் சிகிச்சைக்கு நிபந்தனை இல்லை. ஆனால் அவர் வீட்டில் இருக்கிறார் என்பதை மட்டும் மறைக்காதீர்கள். ஆன்லைன் அமர்வு என்றால் காரில் உட்கார்ந்தாவது, பள்ளி முடிந்த வகுப்பறையிலாவது பேசுங்கள், வீட்டில் வேண்டாம்.

பணம் முட்டினால் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். இந்த வகைத் தெரபி அங்கே கிடைக்காவிட்டாலும் மருத்துவர் பார்ப்பார், தேவைப்பட்டால் மாத்திரை தருவார். தூக்க மாத்திரையை மட்டும் நீங்களாக வாங்கி நீட்டிக்க வேண்டாம். கேட் சத்தத்துக்குப் பிறகு தூக்கம் வராத ராத்திரிகளில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416-க்கு அழைக்கலாம். இலவசம், தமிழிலும் பேசுவார்கள், 24 மணி நேரமும் உண்டு.