வெறுப்புப் பேச்சுக்குக் கடுமையான சட்டம் இருந்தால் சிறுபான்மையினருக்கு அது பாதுகாப்புதானே?

சட்டம் இருந்தால் மட்டும் போதாது. இலங்கையைப் பாருங்கள். 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐசிசிபிஆர் (குடிசார், அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கை) சட்டத்தின் 3ஆம் பிரிவு, இன, மத வெறுப்பைத் தூண்டி வன்முறைக்கோ பாகுபாட்டுக்கோ வழி செய்வோருக்குப் பத்து ஆண்டு வரை சிறை என்கிறது. சிறுபான்மையினருக்கு வேண்டிய சட்டம்தான்.

2014 ஜூனில் அளுத்கமவில் சிங்கள பௌத்தக் கடும்போக்கு அமைப்பான பொதுபல சேனாவின் கூட்டம் முடிந்த கையோடு முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அப்போது இந்தச் சட்டம் உறங்கியது. 2019 மே மாதம் ஹசலகவில் விழித்தது: ஒரு முஸ்லிம் பெண்ணின் உடையில் இருந்த கப்பல் சுக்கான் சக்கரத்தைத் பௌத்தரின் புனிதச் சின்னமான தர்மச்சக்கரம் என்று சொல்லிக் கைது செய்தார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் விளக்கமறியலில் (விசாரணைக் காவலில்) இருந்தார். அதே ஆண்டு, இதே சட்டத்தின் கீழ், சிறுகதை எழுதிய ஒரு சிங்கள எழுத்தாளரும் மாதக்கணக்கில் உள்ளே இருந்தார். எனக்கு இது பெரும் அநியாயமாகவே படுகிறது.

மனம் புண்படுவது வேறு, ஆபத்தைத் தூண்டுவது வேறு. ஐ.நா.வின் 2012 ரபாத் செயற்திட்டம், அதாவது வெறுப்புத் தூண்டலை மதிப்பிடும் வழிகாட்டி, பேசியவரின் செல்வாக்கு, நோக்கம், சூழல், உள்ளடக்கம், பரவல், தீங்கு நேரும் வாய்ப்பு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்கிறது. அளுத்கமவில் மேடை, கூட்டம், பதற்றம் எல்லாம் இருந்தன. சக்கர உடையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. கைதுக்கு முன்பே பொலிஸ் இதைப் பார்க்க வேண்டும்.