பின் டயரை அகலமாக்க நினைப்பவர்களுக்கும் மற்றவர்களுக்கும்: டயர் கேள்வி-பதில்

பைக் டயர் பற்றி வந்த கடிதங்களில் ஒரே மாதிரியானவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு எந்த டயர் பெஸ்ட்? (சேலம்)

என்ன பைக், என்ன சைஸ், தினம் எவ்வளவு தூரம், மழையில் ஓட்டுவீர்களா, பின்னால் ஆள் உட்காருவார்களா? ஒன்றையுமே எழுதவில்லை. இந்த ஐந்தையும் எழுதி அனுப்புங்கள், பதில் சொல்கிறேன்.

கேடிஎம் 390 டியூக் வைத்திருக்கிறேன். வார நாட்களில் கோவைக்குள் ஆபீஸ், மாதம் ஒருமுறை வால்பாறை. ஆண்டு முழுக்க ஓட்டுவேன், தனியாகத்தான். பிரெல்லி டியாப்லோ ரோஸோ 3 போடுவதா, மிஷ்லின் ரோடு 5 போடுவதா? (கோவை)

இப்படித்தான் கேட்க வேண்டும். ரோடு 5 போடுங்கள். காய்ந்த ரோட்டில் ரோஸோவின் பிடி அருமை, மறுக்கவில்லை. ஆனால் உங்கள் கிலோமீட்டரில் பெரும்பகுதி சிக்னலுக்குச் சிக்னல் நேராகப் போவது. ரோஸோவின் மெத்தென்ற ரப்பர் நடுவில் சீக்கிரம் தேய்ந்து தட்டையாகிவிடும். அந்த டயரோடு ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறிப் பாருங்கள்: வண்டி முதலில் சாய மறுக்கும், அப்புறம் பொத்தென்று சாயும். தமிழ்நாட்டில் அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு இருப்பதும் அந்தப் பக்கம்தான். ஈர ரோட்டில் பிடிக்க வேண்டும் என்றே ரோடு 5-இன் ரப்பரில் சிலிக்கா சேர்த்திருக்கிறார்கள். அப்பாச்சி ஆர்ஆர் 310-க்கு 2020-இல் கம்பெனியே இதைக் கொடுத்தது. உங்களுடைய அதே 110/70, 150/60 சைஸ்தான் (முதல் எண் மில்லிமீட்டரில் டயரின் அகலம், அடுத்தது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச் சுவரின் உயரம் என்பது). பின் டயர் ஏறக்குறைய 15,000 கிலோமீட்டர் வரும், ரோஸோ என்றால் 10,000. ஆக்ஸிலரேட்டரை முறுக்கும் உங்கள் வலது கை மணிக்கட்டைப் பொறுத்து கூடும், குறையும். செட்டிபாளையம் கரி ரேஸ் டிராக்கில் அடிக்கடி ஓட்டுபவராக இருந்தால் ரோஸோ என்று சொல்லியிருப்பேன்.

காற்றை வாரம் ஒருமுறை, காலையில், டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள்.

பல்சர் என்எஸ்200. பின்னால் இருப்பது 130/70. 150/60 போட்டால் கெத்தாக இருக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். தாராளமாக உட்காரும் என்கிறார் கடைக்காரர். போடலாமா? (மதுரை)

போடாதீர்கள். ஆர்15, அப்பாச்சி 200 என்று பைக் மட்டும் மாறி, இதே கேள்வி பதினைந்து இருபது கடிதங்களில் வந்திருக்கிறது. எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஒவ்வொரு டயர் சைஸுக்கும் ரிம் எத்தனை அங்குல அகலம் இருக்கலாம் என்று டயர் கம்பெனி வரையறுத்திருக்கிறது. 150 டயர் சுமார் 4 அங்குல ரிம்மை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. குறுகலான ரிம்மில் அதை ஏற்றினால் பக்கச் சுவர்கள் உள்ளே இழுபட்டு நடுப்பகுதி கூம்பிவிடும். பார்க்க அகலம், தரையில் படுவது அதே கொஞ்சம் ரப்பர். டயர் எவ்வளவு பரப்பில் தரையைத் தொடும் என்பதைப் பெரும்பாலும் வண்டியின் எடையும் உள்ளே இருக்கும் காற்றும்தான் முடிவு செய்கின்றன. அகலம் கூடினால் பிடியும் அதே அளவு கூடும் என்ற கணக்கே தவறு.

அடுத்தது உயரம். என்எஸ்200-இல் 130/70-க்குப் பதில் 140/70 போடுகிறவர்களும் இருக்கிறார்கள். விட்டம் 14 மில்லிமீட்டர் கூடி, பின்பக்கம் 7 மில்லிமீட்டர் தூக்கும். ஆர்15-இல் 140/70-ஐக் கழற்றி 150/60 போட்டால் பின்பக்கம் 8 மில்லிமீட்டர் இறங்கும், ஹேண்டில் மந்தமாகும். அந்த வண்டி வளைவில் சட்டென்று திரும்பும் என்றுதானே காசு கொடுத்து வாங்கினீர்கள்? முன்னே பழைய 100 டயரே இருக்க, பின்னே மட்டும் பருத்துப்போனால் இரண்டும் ஒரே வேகத்தில் சாயாது. ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) முன், பின் சக்கரங்களின் சுழற்சியை ஒப்பிட்டு வேலை செய்கிறது. அந்தக் கணக்கும் பிசகும்.

கடையில் உட்காரும் டயர் ரோட்டில் உரசும். வேகத்திலும் சூட்டிலும் டயர் கொஞ்சம் விரியும். பின்னால் ஆளோடு பள்ளத்தில் இறங்கும்போது டயருக்கும் செயின், மட்கார்டுக்கும் இடையே இருக்கும் இடம் போதாது. போதாததற்கு எடை கூடி, பிக்கப் குறைந்து, மைலேஜும் இறங்கும்.

கையில் பணம் இருந்தால் அதே 130/70-இல் நல்ல ரப்பராகப் பார்த்து வாங்குங்கள். இந்த சைஸில் ரேடியலும் (உள்ளே இருக்கும் நூல்கள் குறுக்கே நேராகப் போகும் டயர்) கிடைக்கிறது. வித்தியாசம் ஏற்காடு மலை ரோட்டில் தெரியும். 'உட்காரும்' என்று சொல்லி விற்கிற கடைக்காரர், நீங்கள் விழும்போது பக்கத்தில் இருக்கமாட்டார். இதில் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு.

முன்னே ரேடியல், பின்னே பயஸ் (உள்நூல்கள் சாய்வாகப் போகும் டயர்) கலந்து போடலாமா? (திருச்சி)

கூடாது. முன்னே பயஸ், பின்னே ரேடியல் என்று கம்பெனியே கொடுத்த வண்டிகள் உண்டு, அது சரி. தலைகீழாக வேண்டாம்.

புது டயர், பாதி விலைக்குத் தருகிறார்கள். பக்கத்தில் 2219 என்று இருக்கிறது. வாங்கலாமா? (ஈரோடு)

2019-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரத்தில் செய்தது. ஓட்டாமல் வைத்திருந்தாலும் ரப்பர் இறுகும். இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். கடையில் விலை கேட்பதற்கு முன் இந்த நான்கு எண்களைப் பாருங்கள். ஓராண்டுக்கு மேல் பழையது என்றால் வேறு எடுக்கச் சொல்லுங்கள்.

புது டயர் போட்டு வெளியே வந்ததும் முதல் திருப்பத்திலேயே வழுக்கியது. டயரில் குறையா? (சென்னை)

இல்லை. புது ரப்பரின் மேல்பரப்பு வழவழப்பாக இருக்கும். முதல் 150 கிலோமீட்டர் மெதுவாக, சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி ஓட்டினால் சரியாகும். வாட்டர் சர்வீஸில் பளபளப்புக்காக டயர் பாலிஷ் அடிப்பார்கள், தரையில் படும் பகுதியில் அடிக்க விடாதீர்கள். அது எண்ணெய்.

டிராக்கில் ஓட்டும் சூப்பர்கோர்சா மாதிரி டயரை தினசரி ஓட்டலாமா? (சென்னை)

வேண்டாம். அது நன்றாகச் சூடானால்தான் பிடிக்கும். அண்ணா சாலையில் ஐப்பசி மழையில் எங்கே சூடாகும்?

டயர் ஓரத்தில் ஒரு விரல் அகலம் தேயாமலே இருக்கிறது, நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். (நாமக்கல்)

இருக்கட்டும். கொல்லிமலை எழுபது வளைவிலும் எதிரே பஸ் வரும். ஓரத்தைத் தேய்க்க வேண்டுமென்றால் டிராக்குக்குப் போங்கள்.

டியூப்லெஸ் டயரில் பக்கவாட்டில் பஞ்சர். டியூப் போட்டு ஓட்டலாம் என்கிறார் பஞ்சர் கடைக்காரர். (விழுப்புரம்)

கூடாது. நடுவில் சின்ன ஆணிக்குப் பஞ்சர் போடலாம், பக்கச் சுவர் கிழிந்தால் டயரையே மாற்ற வேண்டும். உள்ளே டியூப் போட்டால் சூடு கூடும், வேகத்தில் போகும்போது டியூப் பஞ்சரானால் மொத்தக் காற்றும் ஒரே நொடியில் இறங்கும்.

நைட்ரஜன் அடித்தால் கிரிப் கூடுமா? (தஞ்சாவூர்)

இல்லை. சாதாரணக் காற்றே போதும், அளவு சரியாக இருக்க வேண்டும். வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். காலையில், டயர் ஆறியிருக்கும்போது.

முன் டயர் நன்றாக இருக்கிறது. பின் டயரை மட்டும் மாற்றலாமா? (திருநெல்வேலி)

மாற்றலாம். முன் டயரின் பள்ளங்களுக்குள் இருக்கும் தேய்மானக் கட்டைகளை (டயர் எவ்வளவு தேய்ந்தது என்று காட்டும் சின்ன மேடுகள்) ரப்பர் இன்னும் நெருங்கியிருக்கக் கூடாது, டயருக்கு ஐந்து ஆண்டு ஆகியிருக்கக் கூடாது. பின்னே அதே மாடலையே வாங்குங்கள். பக்கவாட்டு அம்புக்குறி சக்கரம் சுற்றும் திசையில் இருக்கிறதா என்று கடையை விட்டுக் கிளம்புமுன் நீங்களே பாருங்கள். வால்வையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள், அதற்கு ஆகும் செலவு கொஞ்சம்தான்.