கூப்பிட்டவர்களுக்கே படம் சொந்தமா?

கேள்வி: ஐயா, நான் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். தொழிற்சாலையில் வேலை, படம் எடுப்பது பொழுதுபோக்கு. சென்ற ஆண்டு கோயில் திருவிழாவையொட்டித் திடலில் இசை இரவு நடந்தது. ஏற்பாட்டுக் குழு அண்ணன் ஒருவர் புலனத்தில் (வாட்ஸ்அப்), "தம்பி, கேமராவோட வாங்க, மேடைக்கு முன்னாலயே நின்னு எடுக்கலாம்" என்று செய்தி அனுப்பினார். சம்பளப் பேச்சே இல்லை. எடுத்ததில் நல்ல படங்கள் சிலவற்றை ஓரத்தில் என் பெயர் போட்டு அனுப்பினேன். "கோயில் முகநூல்ல போடலாமா?" என்று கேட்டார். "போட்டுக்குங்க அண்ணே" என்றேன். இப்போது அதில் ஒன்று, பாடகி கையை உயர்த்தி நிற்கும் படம், என் பெயர் வெட்டப்பட்டு அடுத்த நிகழ்ச்சியின் டிக்கெட் பதாகையில் இருக்கிறது. ஆதரவாளர் ஒருவரின் கடை விளம்பரத்திலும் அதே படம். கேட்டால், "நாங்க கூப்பிட்டுத்தானே வந்தீங்க, படம் எங்களுது" என்கிறார்கள். பாடகியின் மேலாளரோ என் முகநூலில் உள்ள படங்களை எடுக்கச் சொல்கிறார். இது போதாதென்று, போன மாதம் ஈப்போவில் டிக்கெட் வாங்கிப் போன கச்சேரியில் ஜாகா (பாதுகாவலர்) ஒருவர் கேமராவைப் பிடுங்கிப் படங்களை அழித்துவிட்டார். எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

பதில்: தம்பி, குழுவினர் சொல்வதை வெறும் அடாவடி என்று தள்ளிவிட முடியாது. அவர்கள் சட்டம் படித்துப் பேசவில்லைதான். ஆனால் அவர்கள் சொல்வதற்குச் சட்டத்தில் ஒரு பிடி இருக்கிறது. அதை முதலில் பார்த்துவிடுவோம்.

நம் மலேசிய நாட்டின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் புகைப்படம் ஒரு கலைப்படைப்பு. படம் பிரமாதமாக இருக்க வேண்டியதில்லை, எடுத்தவர் தொழில்முறைக் கலைஞராக இருக்க வேண்டியதும் இல்லை. எங்கும் பதிந்தால்தான் உரிமை என்றும் இல்லை. மைஐபிஓ எனப்படும் அறிவுசார் சொத்துக் கழகத்தில் விருப்பப்பட்டால் அறிவிப்புச் செய்து வைக்கலாம், அவ்வளவுதான். எடுத்தவருக்கே உரிமை என்பது பொது விதி.

சிக்கல் 26ஆம் பிரிவில் இருக்கிறது. ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் அவருக்காகச் செய்து கொடுத்த படைப்பு என்றால், வேறு விதமாகப் பேசி வைத்திருந்தாலொழிய, பதிப்புரிமை வேலை கொடுத்தவருக்கு மாறிவிட்டதாகவே அந்தப் பிரிவு எடுத்துக்கொள்கிறது. கல்யாணப் படம் எடுக்கும் ஸ்டூடியோக்காரர்களில் பலருக்கே இது தெரியாது. ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதாமல் விட்டால் ஆல்பத்தின் உரிமை மாப்பிள்ளை பெண்ணுக்குப் போய்விடும். "எனக்குக் காசு கொடுக்கவில்லையே" என்று நீங்கள் கேட்கலாம். அந்தப் பிரிவு காசைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஆகவே அந்த ஒரு வாதத்தை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

உங்களுக்கு வேலை கொடுத்தார்களா, இடம் கொடுத்தார்களா என்பதுதான் கேள்வி. அந்த அண்ணன் உங்களுக்கு அனுப்பிய செய்தியைப் பார்த்தால், முன்னால் நின்று எடுக்க இடம் தருகிறேன் என்றுதான் இருக்கிறது. யார் யாரை எடுக்க வேண்டும், எத்தனை படம், எப்போது தர வேண்டும் என்று ஒன்றும் இல்லை. கேமரா உங்களுடையது, எதை எடுப்பது என்பதும் உங்கள் விருப்பம். பணமும் கைமாறவில்லை. இவை எல்லாம் சேரும்போது இது அழைப்புதான், வேலை இல்லை என்று வாதாட நல்ல இடம் இருக்கிறது. என் கணக்கில் தராசு உங்கள் பக்கமே சாய்கிறது.

ஆனால் பழைய செய்திகளை இன்னொரு முறை மேலிருந்து கீழ்வரை படியுங்கள். "எல்லாப் படத்தையும் எங்களுக்கு எடுத்துக் கொடுத்துடுங்க" என்று எங்காவது இருக்கிறதா? நிகழ்ச்சி முடிந்ததும் பெட்ரோல் காசு என்று ஒரு கவரைக் கையில் திணித்தார்களா? இருந்தால் வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் எடுத்து நீட்டும்.

அடுத்தது, "போட்டுக்குங்க அண்ணே". இதைச் சொன்னதால் எல்லாம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். பதிப்புரிமையை மாற்றிக் கொடுப்பதும் சரி, பயன்படுத்த அனுமதிப்பதும் சரி, எழுத்தில் இருந்தால்தான் செல்லும் என்கிறது 27ஆம் பிரிவு. புலனச் செய்தியையும் எழுத்தாகக் கொள்ள வாதம் உண்டு. அப்படியே கொண்டாலும் அவர் கேட்டது கோயில் முகநூலுக்கு, நீங்கள் சரி என்றதும் அதற்குத்தான். டிக்கெட் விற்கும் பதாகைக்கும் கடை விளம்பரத்துக்கும் அந்த அனுமதி நீளாது.

சரி, நீதிமன்றம் குழுவின் பக்கமே சாய்ந்து, உரிமை அவர்களுடையதுதான் என்று சொல்லிவிட்டால்? அப்போதும் 25ஆம் பிரிவு உங்களிடம் இருக்கிறது. எடுத்தவர் யார் என்று காட்டாமல் படைப்பை முன்வைக்கக் கூடாது, அதற்கு அவருடைய சம்மதம் வேண்டும் என்பது அந்தப் பிரிவு. பதிப்புரிமை யார் கைக்குப் போனாலும் இந்த உரிமை படைத்தவரிடமே நிற்கும். படத்தின் ஓரத்தை வெட்டிப் பெயரை எடுத்ததுதான் அவர்கள் செய்த பெரிய தவறு. உங்கள் கடிதத்தில் முதல் பத்தியே இதுவாக இருக்கட்டும்.

கடிதம் என்று சொன்னேன், வழக்கு என்று சொல்லவில்லை. உரிமை மீறலுக்கு ஒரு படைப்புக்கு 25,000 ரிங்கிட் வரை, மொத்தம் 500,000 ரிங்கிட் வரை நீதிமன்றம் இழப்பீடு விதிக்கலாம் என்று சட்டத்தில் இருப்பது உண்மை. அது உச்ச வரம்பு. ஊர்த் திடல் நிகழ்ச்சியின் ஒரு படத்துக்கு அந்தத் தொகை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டு கடிதம் எழுதுங்கள். ஒன்று குழுவின் தலைவருக்கும் செயலாளருக்கும், இன்னொன்று கடைக்காரருக்கு. எந்தப் படம், எங்கே, எந்தத் தேதியில் பார்த்தீர்கள் என்று குறிப்பிடுங்கள். பதாகையை இறக்குங்கள், அல்லது பெயர் போட்டு நியாயமான ஒரு கட்டணம் கொடுங்கள் என்று கேளுங்கள். பதினான்கு நாள் தவணை போதும். கடைக்காரர் பாவம், குழு கொடுத்த படம்தானே என்று நம்பிப் போட்டிருப்பார். ஆனால் வம்பு வேண்டாம் என்று முதலில் இறங்கி வருபவரும் பெரும்பாலும் அவர்தான். முகநூலில் உள்ள விளம்பரத்துக்குத் தனியாகப் பதிப்புரிமைப் புகார் கொடுங்கள். முறையான அறிவிப்பு கிடைத்த 48 மணி நேரத்துக்குள் இணையச் சேவை நிறுவனம் அதை நீக்க வேண்டும் என்று நம் சட்டமும் சொல்கிறது.

கடிதம் போகுமுன் சாட்சியங்களைப் பத்திரப்படுத்துங்கள். பதாகையைக் கடைப் பலகையும் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். புலனத்தில் போன படம் சுருங்கிப் போயிருக்கும், கேமரா பதிந்த விவரங்களும் அதில் இருக்காது. ஆகவே கேமராவின் மூலக் கோப்பு வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் எடுத்தவையும் வேண்டும். பாடகி கையை உயர்த்தத் தொடங்கும் படம், உயர்த்திய படம், இறக்கிய படம் என்று வரிசையாக ஒருவரிடம் இருந்தால், எடுத்தவர் யார் என்ற சண்டை அங்கேயே முடிந்துவிடும். பிறகு சத்தியப் பிரமாண ஆணையர் முன் ஒரு பிரமாணப் பத்திரம் செய்யுங்கள். உரிமையாளர் நீங்கள்தான் என்பதற்கு 42ஆம் பிரிவு அதை முதல்நிலைச் சான்றாக, அதாவது எதிர்த்தரப்பு மறுத்துக் காட்டும்வரை போதுமான சான்றாக, ஏற்கிறது. அவசரம் ஒன்றும் இல்லை, வழக்குத் தொடுக்க ஆறு ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் பதாகை அதுவரை தொங்காது, ஆகவே அதை இந்த வாரமே படம் எடுங்கள்.

போலீசில் திருட்டுப் புகார் கொடுக்கலாமா என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். பதிப்புரிமைக் குற்றங்களைப் பார்ப்பது உள்நாட்டு வாணிப அமைச்சின் அமலாக்கப் பிரிவு. அப்புறம், நாளைக்கும் இதே குழுவினரை இதே கோயிலில் பார்க்கப் போகிறீர்கள்.

மேலாளர் விஷயம் சுருக்கமானது. படத்தில் இருப்பதால் மட்டும் பாடகிக்குப் படத்தின் மேல் பதிப்புரிமை வராது. மேடையில் பாடியதை எடுத்து உங்கள் பக்கத்தில் காட்சிக்கு வைப்பதை நீக்கச் சொல்ல அவரிடம் வலுவான காரணம் தெரியவில்லை. ஆனால் அவர் முகத்தை வைத்து ஒரு பொருளை விற்க நீங்கள் படம் கொடுத்தால் கதை வேறு. அவரே அந்தப் பொருளைப் பரிந்துரைப்பது போல் தோன்றினால் வழக்குக்கு இடம் உண்டு. பாட்டை வீடியோவாகப் பதிந்து போடுவதும் வேறு. அங்கே இசையமைத்தவர் உரிமையும் பாடியவர் உரிமையும் சேர்ந்து வரும். அப்படி ஏதாவது போட்டிருந்தால் அதை மட்டும் எடுத்துவிடுங்கள்.

கடைசியாக ஈப்போ. டிக்கெட் வாங்கும்போதே "கேமரா அனுமதி இல்லை" என்று தெரியும்படி போட்டிருந்தால் அது ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை. மீறினால் வெளியே போகச் சொல்லலாம், நீங்களும் போக வேண்டும். சினிமா தியேட்டரில் படத்தைப் பதிவு செய்வது குற்றம் என்ற சட்டத்தைக் காட்டிச் சிலர் பயமுறுத்துவார்கள். அது திரைப்படம் காட்டும் இடத்துக்கானது, மேடைக் கச்சேரிக்கு இல்லை. எதுவானாலும் கேமராவைப் பிடுங்கவோ, படத்தை அழிக்கவோ ஜாகாவுக்கு அதிகாரம் கிடையாது. கையைப் பிடித்து இழுத்திருந்தால் அவர் மேல்தான் குற்றவியல் சட்டம் பாயும். இதற்குப் போலீஸ் புகார் பொருத்தம். தேதி, நேரம், எந்த வாசல், அவர் சட்டையில் இருந்த நிறுவனத்தின் பெயர், பக்கத்தில் நின்று பார்த்தவர் யார் என்று எழுதிக் கொடுங்கள். புகாரின் நகலோடு ஏற்பாட்டாளருக்கு ஒரு கடிதம் போடுங்கள்.

அந்த மெமரி கார்டில் அதற்குப் பிறகு எதையும் எடுக்கவில்லை என்றால் இனியும் எடுக்காதீர்கள். கேமராவில் அழித்த படங்களின் மேல் வேறு எதுவும் பதியாதவரை மீட்க வாய்ப்பு உண்டு. கார்டைக் கழற்றி, மீட்பு மென்பொருள் வைத்திருக்கும் கணினிக் கடையில் கொடுத்துப் பாருங்கள்.