ஜிபி, ஐசோ, எபாக்சி: ஃபைபர் படகுக்கு எந்த ரெசின்?

கண்ணாடி இழையை ரெசின் என்ற பிசினில் நனைத்துச் சின்ன ஃபைபர் படகு கட்டுவது, ஒட்டுப்போடுவது பற்றி காசிமேட்டிலிருந்து பழவேற்காடு வரை வந்த கேள்விகளும், ஃபைபர் பட்டறை நடத்தும் ஒருவர் தந்த பதில்களும்.

காசிமேடு: அண்ணே, கடையில ஜிபி, ஐசோ, வினைல் எஸ்டர், எபாக்சின்னு நாலு சொல்றாங்க. ஒண்ணுக்கு ஒண்ணு விலை ஏறுது. சின்ன படகுக்கு எது போதும்?

படகு ராத்திரி எங்கே கிடக்கிறது என்று பாருங்கள். தினமும் மணலில் இழுத்துப் போடுகிற படகுக்கு ஜிபி (சாதாரண பாலியெஸ்டர் ரெசின்) போதும், படகு தினமும் காய்ந்துவிடும். வார்ஃபிலேயே கட்டிக்கிடக்கிற படகு வேறு. ஜிபிக்குள் தண்ணீர் மெல்ல இறங்கி, ஜெல்கோட் என்கிற வெளிப்பூச்சுக்குக் கீழே கொப்புளம் கட்டும். குத்திப் பார்த்தால் வினிகர் வாடையோடு நீர் வரும். அந்தப் படகுக்கு ஜெல்கோட்டையும் அதை ஒட்டிய முதல் இரண்டு மேட்டையும் (நெய்யாத கண்ணாடி இழை விரிப்பு) ஐசோவில், அதாவது தண்ணீரைக் கூடுதலாகத் தடுக்கும் பாலியெஸ்டர் ரெசினில் போடுங்கள், உள்ளே மிச்சமெல்லாம் ஜிபி. தண்ணீரைத் தடுப்பது வெளித்தோல்தான், முழுப் படகையும் ஐசோவில் கட்டுவது வீண் செலவு. வினைல் எஸ்டர் இன்னும் நன்றாகத் தடுக்கும், ஆனால் ரெசினை இறுக வைக்கிற சாதாரண ஹார்ட்னர் ஊற்றினால் நுரைக்கும். அதற்கென்று சொல்லிக் கொடுக்கிற ஹார்ட்னரையே வாங்க வேண்டும். எபாக்சி புதுப் படகுக்குத் தேவையில்லை. ஒட்டுவேலைக்கும் மரத்துக்கும்தான் அது.

திருவொற்றியூர்: கடலரிப்பைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவு கல்லுல இடிச்சு பக்கவாட்டுல 20க்கு 15 சென்டிமீட்டர் ஓட்டை. பலகை கனம் 6 மில்லி. பழைய ஜிபி மேல ஜிபியே போடலாமா?

போடலாம், ஆனால் பழையதும் புதியதும் ஒன்றாக இறுகும் என்று நினைக்காதீர்கள். காய்ந்து வருஷக்கணக்கான ஜிபி மேல் புது ஜிபி கீறலைப் பிடித்துத்தான் நிற்கும். அதனால் பிடிக்கிற பரப்பைத்தான் கூட்ட வேண்டும். ஓட்டையின் விளிம்பிலிருந்து கனத்தைப் போல 12 மடங்கு, அதாவது 6 மில்லிக்கு 72 மில்லி தூரம், சுற்றிலும் சரிவாக கிரைண்டரில் 36 நம்பர் பேப்பர் போட்டு இழையுங்கள். பளபளப்பு ஒரு இடத்திலும் மிஞ்சக் கூடாது. தூசியைத் தட்டி, அசிட்டோனில் துடைத்து, அது முழுக்க ஆவியாகும் வரை விடுங்கள்.

உள்பக்கம் மெழுகு தேய்த்த ஃபார்மைக்கா துண்டை முட்டுக்கொடுங்கள். பெரிய துண்டை முதலில் போட்டு வரவரச் சின்னதாக்குங்கள். பெரிய துண்டு முதலில் போனால்தான் முழுச் சரிவையும் ஒரே இழை பிடிக்கும். பழைய பலகையைத் தொடும் முதல் துண்டு மேட்டாகவே இருக்கட்டும். ரோவிங் என்கிற தடித்த நெய்த துணியின் முடிச்சுகள் மட்டும்தான் பழைய பலகையைத் தொடும், நடுவில் காலி. சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் நாலு, 600 கிராம் ரோவிங் இரண்டு போட்டால் ஏறக்குறைய 5.6 மில்லி வரும். மேட்டுக்கு அதன் எடையைப் போல இரண்டரை மடங்கு ரெசின், ரோவிங்குக்குச் சரிக்குச் சரி. இந்த ஓட்டைக்கு 400 கிராம் பக்கம் போகும், சேதாரத்தோடு 600 எடுத்து வையுங்கள். கலப்பது 200, 200 ஆக.

ஓட்டை ஏராவை (படகின் அடி முதுகு) ஒட்டியோ, சரிவு எடுக்க இடமில்லாத மூலையிலோ இருந்தால் எபாக்சிக்கு மாறுங்கள். அப்போது மேட் வேண்டாம். மேட்டின் இழைகளைச் சேர்த்துப் பிடிக்கிற பசை ஜிபியில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்சியில் ஸ்டைரீன் இல்லாததால் மேட் விறைப்பாகவே நிற்கும். நெய்த துணி போடுங்கள். மேலே ஜெல்கோட் அடிக்காமல் பெயின்ட் அடியுங்கள்.

எண்ணூர்: சித்திரை வெயில்ல கப்பிலேயே புகை வந்து கல்லாயிடுது. மழைக்காலத்துல காயவே மாட்டேங்குது. மூடிக் கணக்குலதான் ஹார்ட்னர் ஊத்துறோம்.

முதலில் அந்த மூடியைத் தூக்கிப் போடுங்கள். ஊசி கழற்றிய சிரிஞ்ச் வாங்குங்கள். ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 கிராம் ஹார்ட்னர், சிரிஞ்சில் சுமார் 9 முதல் 18 மில்லிலிட்டர். 35 டிகிரியைத் தாண்டினால் 10 கிராம். அதற்கும் கீழே இறக்காதீர்கள், தொட்டால் இறுகினது போல இருக்கும், உள்ளே அரைவேக்காடு. நேரம் போதவில்லை என்றால் ரெசினைக் கொஞ்சமாகக் கலக்குங்கள், கலந்ததும் அகலத் தட்டில் ஊற்றுங்கள். கப்பில் குவிந்து நிற்கிற ரெசின் தன் சூட்டிலேயே வெந்துவிடும், பரப்பினால் சூடு வெளியேறும். காலை ஒன்பது மணிக்குள் வேலையை முடிப்பது எல்லாவற்றையும்விட நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் 20 கிராம் வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம். ஈரக்காற்றில் திறந்து கிடந்த மேட்டையும் பயன்படுத்தாதீர்கள்.

இறுகுவதை வேகப்படுத்துகிற கோபால்ட்டைத் தனியாக வாங்கிக் கலப்பவர்களுக்கு ஒன்று. கோபால்ட்டை ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கி முடித்த பிறகுதான் ஹார்ட்னர். இரண்டும் நேருக்கு நேர் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஒரே சிரிஞ்ச், ஒரே அளவுக் கப் இரண்டுக்கும் கூடவே கூடாது. ஹார்ட்னர் கண்ணில் தெறித்தால் 15 நிமிஷம் விடாமல் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரி.

அதே இடம்: மூணு நாளாச்சு, இன்னும் கையில ஒட்டுது.

அசிட்டோன் துணியால் ஒரு இடத்தைத் துடைத்துவிட்டு, காசின் விளிம்பால் அழுத்துங்கள். கீழே கல்லாக இருந்தால் பயமில்லை, காற்றுப் படுகிற மேல்தோல் மட்டும் இறுகாமல் நிற்கிறது. கடைசிக் கோட்டில் வாக்ஸ் கலந்திருந்தால் இது வந்திருக்காது. காசு பதிந்தால் ஹார்ட்னர் குறைந்தோ, சரியாகக் கலவாமலோ போயிருக்கிறது. அதற்கு மேல் இன்னொரு கோட் அடித்து மூடுவது சீழை வைத்துக் கட்டுப்போடுகிற மாதிரி. சுரண்டி எடுக்க வேண்டியதுதான்.

பழவேற்காடு: ஐஸ் பெட்டிக்கு தெர்மாகோல் வெச்சு மேல மேட் போட்டோம். தெர்மாகோல் கரைஞ்சு பள்ளமாயிடுச்சு.

ஸ்டைரீன் தெர்மாகோலைத் தின்றுவிடும். பியூ (பாலியூரித்தேன்) ஃபோம் வைத்தால் ஜிபியே போதும். தெர்மாகோல்தான் கையில் இருக்கிறது என்றால் துணியும் எபாக்சியும்.

எண்ணூர் முகத்துவாரம்: 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலப்போ எண்ணெய் படிஞ்ச படகு. அதுக்கப்புறம் போட்ட ஒட்டு ரெண்டுமே பேந்து வந்துடுச்சு.

ரெசினைக் குற்றம் சொல்லாதீர்கள். எண்ணெய் இருக்கும்போதே கிரைண்டர் வைத்தால், அது கீறல்களுக்குள் தேய்ந்து இறங்கிவிடும். முதலில் சோப்புத்தூளும் பிரஷ்ஷும். தண்ணீர் ஊற்றினால் முத்துமுத்தாக நிற்காமல் விரிந்து வழிய வேண்டும், அதுவரை கழுவுங்கள். காய்ந்தபின் ஒரு துணியில் அசிட்டோன், அது காயும் முன்பே இன்னொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். ஒரே துணியென்றால் எண்ணெய் இடம் மாறுமே தவிரப் போகாது. இழைப்பது அதற்குப் பிறகு. இந்தப் படகுக்கு எபாக்சியே போடுங்கள்.

ராயபுரம்: இன்ஜின் மாட்டுற பின்பலகை அழுத்தினா அமுங்குது. மேல ரெண்டு மேட் போட்டுடலாமா?

வேண்டாம். உள்ளே பிளைவுட் ஊறியிருக்கிறது. சுத்தியல் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். டொக்கு டொக்கென்று கேட்கிற இடமெல்லாம் போனது. உள்தோலை வெட்டி எடுத்து, கறுத்த மரத்தை முழுக்கச் சுரண்டி, ஐஎஸ் 710 தரத்து மரைன் பிளைவுட் வையுங்கள். விளிம்புகள் எபாக்சியைக் குடித்து நிறுத்தும் வரை பூசுங்கள், தண்ணீர் விளிம்பு வழியாகத்தான் ஏறும். எபாக்சியில் ஹார்ட்னர் விகிதம் டப்பாவில் போட்டது போலவே. சீக்கிரம் இறுகட்டும் என்று கூட ஊற்றினால் பலகை மெத்தென்று நிற்கும். ஒரு கோட் காய்ந்தபின் மேலே வழவழப்பாக ஒரு படலம் வரும். அதைத் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கிற நாரும் கொண்டு கழுவாமல் அடுத்த கோட் போடாதீர்கள்.

இன்ஜின் போல்ட்டுக்கு 10 மில்லி வேண்டுமென்றால் 16 மில்லி ஓட்டை போட்டு, பின்னால் டேப் ஒட்டி, பவுடர் கலந்து கெட்டியாக்கின எபாக்சியால் அடைத்து, மறுநாள் நடுவில் 10 மில்லி துளையிடுங்கள். போல்ட் மரத்தையே தொடாது. பழைய பலகை ஊறினதே அந்த ஓட்டை வழியாகத்தான் இருக்கும்.

நெட்டுக்குப்பம்: அப்பாவோட கட்டுமரத்துக்கு ஃபைபர் சுத்தலாமா?

வேண்டாம் தம்பி. கயிற்றில் கட்டின மரங்கள் அலைக்கு அலை அசையும், ஃபைபர் விரியும், ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

காசிமேடு: போன வருஷ ஜிபி அரை டின் இருக்கு. ஆகுமா?

நம்ம ஊர்ச் சூட்டில் அதற்கு வருஷம் தாங்குவதே பெரிய விஷயம். ஜெல்லி மாதிரி திரண்டிருந்தால் கீழே போடுங்கள், தின்னர் ஊற்றி இளக்காதீர்கள். ஓடுகிறது என்றால் 100 கிராம் எடுத்து ஒரு கிராம் ஹார்ட்னர் கலந்து, துண்டு மேட்டில் தடவி நிழலில் வையுங்கள். மறுநாள் வளைத்தால் விறைப்பாக நின்றால் ஐஸ் பெட்டி மூடிக்கோ, உள்பலகைக்கோ வைத்துக்கொள்ளலாம். தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே வேண்டாம்.