கல்யாணத்துக்கு சூட் போட்டுப் போகலாமா? தையல்காரர் பதில்கள்

கூட வேலை பார்க்கும் நண்பரின் வரவேற்பு பெங்களூரு ஓட்டலில். பத்திரிகையில் ‘பிளாக் டை’ என்று போட்டிருக்கிறார்கள். என்னிடம் கறுப்பு டை இருக்கிறது, போதுமா? (ஓசூர்)

போதாது. அவர்கள் கேட்பது டக்ஸீடோ. மார்பு மடிப்பில் சாட்டின் பளபளக்கும் கோட், ஓரத்தில் சாட்டின் பட்டை ஓடும் பேன்ட், வெள்ளைச் சட்டை, கறுப்பு போ டை. பெல்ட் கிடையாது. ஒரு ராத்திரிக்காக இதைத் தைக்கச் சொல்ல எனக்கே மனசு வராது, வாடகைக்கு எடுங்கள். இல்லாவிட்டால் கறுப்பு பந்த்கலா (கழுத்து வரை மூடிய காலர் கோட்) போடுங்கள், நம் நாட்டில் அதை யாரும் குறையாக நினைப்பதில்லை. ‘காக்டெயில்’ என்று போட்டிருந்தால் கவலையே வேண்டாம், கருநீல சூட் போதும்.

வைகாசியில் மச்சானுக்குக் கல்யாணம், மண்டபத்தில் ஏசி இல்லை. சூட் தைக்க ஆசை. என்ன துணி எடுக்கலாம்? (பென்னாகரம்)

முகூர்த்தத்துக்கு வேட்டி சட்டையே இருக்கட்டும். முந்தின நாள் வரவேற்புக்கு மட்டும் சூட் போடுங்கள். நம் பக்கம் வைகாசியில் சாயங்காலம் ஆனாலும் சுவரெல்லாம் அனல் கக்கும் என்பதால் துணியில்தான் காரியம் இருக்கிறது.

கடையில் முதலில் டி.ஆர். துணியைத்தான் எடுத்துப் போடுவார்கள். பாலியஸ்டரும் விஸ்கோஸும் கலந்தது. விலை குறைவு, கசங்காது. ஆனால் காற்று புகாது, பந்தி முடிவதற்குள் முதுகு நனைந்துவிடும். நான் சொல்வது கம்பளித் துணி. சிரிக்காதீர்கள், ஸ்வெட்டர் கம்பளி இல்லை. சாதா நெசவில், சதுர மீட்டருக்கு 220 முதல் 250 கிராம் எடையில் வரும் மெல்லிய ரகம். வேர்வையை உறிஞ்சும், கசங்கினாலும் ஒரு ராத்திரி ஹேங்கரில் தொங்கவிட்டால் பெரும்பாலும் நேராகிவிடும். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், இழைகளுக்கு நடுவே வெளிச்சம் லேசாகக் கசிய வேண்டும்.

துணியோரத்தில் ‘சூப்பர் 120’ என்று அச்சிட்டிருந்தால் அது கம்பளி இழை எவ்வளவு மெல்லியது என்பதற்கான எண். துணி எத்தனை நாள் உழைக்கும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எண் ஏற ஏற விலையும் ஏறும், துணியும் சீக்கிரம் கசங்கும். வருஷத்துக்கு நாலு விசேஷம் போகிறவருக்கு 100, 120 தாராளம்.

இன்னொன்று லைனிங். நல்ல துணி எடுத்துவிட்டு உள்ளே முழுக்க பாலியஸ்டர் லைனிங் வைத்தால் பலன் போச்சு. முதுகில் பாதி லைனிங் போதும் என்று தைப்பவரிடம் கறாராகச் சொல்லுங்கள். நடுத்தர உடம்புக்கு 58 அங்குல அகலத் துணியில் 3.25 மீட்டர் வேண்டும். ஒரு மாசத்துக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். முகூர்த்த சீசனில் நாங்கள் சொல்லும் தேதியை நாங்களே நம்புவதில்லை.

ரெடிமேட் கோட் வாங்கினேன். தோள் கொஞ்சம் பெரிசு. ஆல்டர் செய்யலாமா? (காவேரிப்பட்டினம்)

திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுங்கள். இடுப்பைப் பிடிக்கலாம், கை நீளத்தைக் குறைக்கலாம், பேன்ட்டை மடிக்கலாம். தோளில் கை வைத்தால் கோட்டையே பிரித்துத் தைக்க வேண்டியிருக்கும், கூலிக்குக் கட்டாது. அடுத்த முறை கடையிலேயே சுவரோரம் பக்கவாட்டில் சாய்ந்து பாருங்கள். கைக்கு முன்னால் தோள் பஞ்சு சுவரில் முட்டினால் அது உங்கள் அளவு இல்லை. கோட் கைக்குக் கீழே சட்டைக் கை அரை அங்குலம் தெரிய வேண்டும்.

அப்புறம், பின்பக்க வெட்டில் பெருக்கல் குறி போட்ட மாதிரி ஒரு நூல் இருக்கும், அதை வெட்டிவிடுங்கள். கையில் தைத்திருக்கும் கம்பெனி பட்டையையும் பிரித்துவிடுங்கள். அதோடு மேடையேறி போட்டோவுக்கு நிற்கிறவர்களை இன்னமும் பார்க்கிறேன்.

கறுப்பு சூட்டில் கல்யாணத்துக்குப் போகலாமா? (அரூர்)

சாயங்கால வரவேற்புக்குப் போகலாம். காலை முகூர்த்தத்தில் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். கருநீலமோ அடர் சாம்பலோ இரண்டுக்கும் ஒத்துவரும்.

கோட்டில் பட்டன் எல்லாவற்றையும் போடணுமா? பந்தியில் உட்காரும்போது என்ன செய்வது? (பாலக்கோடு)

இரண்டு பட்டன் கோட்டில் மேல் பட்டன் மட்டும். கீழ்ப் பட்டனை எப்போதும் போடக்கூடாது, வெட்டே அப்படித்தான். உட்காரும்போது மேல் பட்டனையும் கழற்றிவிடுங்கள். இலையில் சாப்பாடு என்றால் கோட்டைக் கழற்றி வீட்டு ஆள் யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போங்கள், நாற்காலி முதுகில் மாட்டினால் சாம்பார் வாளிக்காரர் உரசிக்கொண்டு போவார். மணவறைப் பக்கம் போக ஷூவைக் கழற்றத்தான் வேண்டும், ஓட்டையில்லாத சாக்ஸாகப் பார்த்துப் போடுங்கள்.