ஏழாம் மாதத்தில் வால் எலும்பு வலி: சுகப்பிரசவம் ஆகாதா?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கிறேன். வயது 26, முதல் கர்ப்பம், இப்போது 29 வாரம். ஒரு மாதமாக முதுகு முடிகிற இடத்தில், வால் எலும்பில் வலி. ஸ்டூலில் உட்கார்ந்து தைக்கும்போதும், எழுந்திருக்கும்போதும் உயிர் போகிறது. நடந்தால் குறைகிறது. மெடிக்கலில் கேட்டு இரண்டு நாள் மாத்திரை போட்டேன். வால் எலும்பு உள்ளே மடிந்துவிட்டது, அதை நிமிர்த்தாவிட்டால் குழந்தை இறங்காது, ஆபரேஷன்தான் என்று மாமியாருக்குத் தெரிந்த சுளுக்கு எடுப்பவர் சொல்கிறார். 3,000 ரூபாய் கேட்கிறார். போகலாமா?

பதில்: போகாதீர்கள். உங்கள் கேள்வியில் இருக்கும் பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வால் எலும்பு வலிக்கிறது என்பதற்காக மட்டும் யாருக்கும் சிசேரியன் தேவைப்படுவதில்லை. உங்களுக்குச் சுகப்பிரசவம் ஆவதற்கு இந்த வலி குறுக்கே நிற்காது.

முதுகெலும்பின் கடைசியில் மூன்று முதல் ஐந்து சின்ன எலும்புகள் சேர்ந்து, கொக்கி மாதிரி இருப்பதுதான் வால் எலும்பு. அது எல்லோருக்குமே உள்பக்கமாகத்தான் வளைந்திருக்கும். எனக்கும் அப்படித்தான், உங்கள் மாமியாருக்கும் அப்படித்தான். “உள்ளே மடிந்துவிட்டது” என்று அவர் சொல்வது உடம்பின் இயல்பான அமைப்பை. பிரசவத்தில் குழந்தையின் தலை இறங்கும்போது அந்த எலும்பு கதவு திறப்பதுபோலப் பின்னால் நகர்ந்து இடம் கொடுக்கும். அதற்குத் தோதாகத்தான் கர்ப்ப காலத்தில் ரிலாக்சின் என்ற ஹார்மோன் சுரந்து இடுப்பைச் சுற்றியுள்ள தசைநார்களைத் தளர்த்துகிறது. தளர்ந்த மூட்டின் மேல் நாள் முழுக்கப் பாரத்தைப் போட்டு உட்கார்ந்தால் வலிக்கத்தான் செய்யும். உட்கார்ந்தால் அதிகம், எழும்போது சுரீர், நடந்தால் குறைவு என்று நீங்கள் எழுதியிருப்பது இதோடு அப்படியே பொருந்துகிறது.

கர்ப்பிணிகளுக்குப் பிசியோதெரபி கொடுக்கும் வேலையில் என்னை மிகவும் கோபப்படுத்துவது இந்த “எலும்பை நிமிர்த்துகிறேன்” கூட்டம்தான். சிலர் வெளியிலிருந்து கட்டைவிரலால் அழுத்துவார்கள். சிலர் மலத்துவாரத்துக்குள் விரலை விட்டு எலும்பை இழுப்பார்கள், கையுறைகூட இல்லாமல். அப்படிச் செய்துகொண்டு வந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளே கிழிந்து ரத்தம் வந்திருக்கும், வெட்கத்தில் வீட்டில்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள். வயிற்றில் ஏழு மாதக் குழந்தையை வைத்துக்கொண்டு இதற்கு உடன்படாதீர்கள். “ஒரு எக்ஸ்ரே எடுத்து வாருங்கள், விலகியிருப்பதைக் காட்டுகிறேன்” என்று சொன்னால் அதற்கும் சம்மதிக்க வேண்டாம். இந்த வலிக்குக் கர்ப்ப காலத்தில் எக்ஸ்ரே தேவையே இல்லை. எடுத்தால் தெரியப்போவதும் அதே வளைவுதான்.

அடுத்தது மாத்திரை. மருந்துக் கடையில் அட்டையிலிருந்து வெட்டி, காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் ‘செட்’ மாத்திரையில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. பெரும்பாலும் டைக்ளோஃபினாக், அசெக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் இவற்றில் ஏதோ ஒன்று இருக்கும். 20 வாரத்துக்குப் பிறகு இவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும். 30 வாரத்தை ஒட்டிப் போட்டால் குழந்தையின் இதயத்தருகே திறந்திருக்க வேண்டிய ஒரு ரத்தக்குழாய் முன்கூட்டியே மூடிக்கொள்ளும் ஆபத்து உண்டு. நீங்கள் 29-ல் இருக்கிறீர்கள். இரண்டு நாள் போட்டதற்காகப் பதற வேண்டாம், ஆனால் இன்றோடு நிறுத்துங்கள். இந்த வாரமே டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வலி தாங்காதபோது பாராசிட்டமால் போடலாம், அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வலிக்குத் தடவும் ஜெல்லிலும் டைக்ளோஃபினாக் உண்டு, அதையும் விடுங்கள். இதைப் படித்துவிட்டு, பிரஷருக்காக டாக்டர் எழுதிக் கொடுத்த குறைந்த அளவு ஆஸ்பிரினை யாரும் நிறுத்திவிட வேண்டாம். அது வேறு காரணத்துக்கான மருந்து.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. உட்கார்ந்தபடியே இரண்டு உள்ளங்கைகளையும் பிட்டத்துக்கு அடியில் வையுங்கள். இருபுறமும் கெட்டியாக இரண்டு எலும்பு முட்டும். உடம்பின் பாரம் அந்த இரண்டின் மேல்தான் நிற்க வேண்டும். முதுகைக் கூன்போட்டுப் பின்பக்கம் சரிந்தால் பாரம் வால் எலும்புக்குப் போய்விடும். ஆகவே குனிந்து தைக்கும்போது முதுகை வளைக்காதீர்கள். முதுகு நேராக இருக்கட்டும், இடுப்பிலிருந்து முன்னே சாயுங்கள். முன்னே சாய்வது நல்லது, கூன்போடுவதுதான் கெடுதல். எழும்போது ஸ்டூலின் முனைக்கு நகர்ந்து, இரண்டு பாதங்களையும் பின்னுக்கு இழுத்து, மூக்கு முழங்காலைத் தாண்டும் அளவுக்குச் சாய்ந்து, தொடை பலத்தில் எழுங்கள். அரை மணிக்கு ஒருமுறை ஒரு நிமிஷமாவது எழுந்து நில்லுங்கள்.

நடுவில் ஓட்டை போட்ட வட்ட மெத்தையை இந்த வலிக்கென்று விற்கிறார்கள். வாங்காதீர்கள். அதன் பின் விளிம்பு சரியாக வால் எலும்பின் மேலேயே வந்து முட்டும். நீங்கள் டெய்லர், கடையில் வாங்கவே வேண்டாம். மெத்தைக் கடையில் 16 அங்குலச் சதுரத்தில், 3 அங்குல உயரக் கெட்டி ஃபோம் வெட்டித் தரச் சொல்லுங்கள். அழுத்தினால் அமுங்கித் தரையைத் தொடும் பஞ்சு மெத்தை உதவாது. பின் விளிம்பின் நடுவில் 4 அங்குல அகலம், 5 அங்குல ஆழத்துக்கு லாட வடிவத்தில் வெட்டி எடுத்துவிடுங்கள். பருத்தித் துணியில் உறை தைத்துப் போடுங்கள். வெட்டிய பக்கம் பின்னால் இருக்கும்படி உட்கார்ந்தால் வால் எலும்பு எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கும். மெத்தை போட்ட பிறகு உயரம் கூடி மெஷினுக்குக் கூடுதலாகக் குனிய நேர்ந்தால், ஸ்டூலை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

கேட்டால் தருவார்களா என்பது எனக்கும் தெரிந்த கதைதான். பாத்ரூமுக்கு எழுந்தால் சூப்பர்வைசர் முறைப்பாரே என்று தண்ணீரே குடிக்காமல் தைக்கிற பெண்கள் எத்தனை பேர்! அதனால் மலம் இறுகும். அதோடு சத்து மாத்திரை சேர்ந்தால் இன்னும் இறுகும். முக்கும்போது வால் எலும்பைப் பிடித்திருக்கும் தசைகள்தான் இழுபடுகின்றன. மலச்சிக்கல் தீராமல் இந்த வலி தீராது. தண்ணீர், கீரை, கொய்யா, இரவு ஊறவைத்த உலர்திராட்சை என்று சரிசெய்துகொள்ளுங்கள். இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். உங்களுக்கு இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடு இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரச் சம்பளத்தோடு விடுப்பு உண்டு, அதில் 8 வாரம் வரை பிரசவத் தேதிக்கு முன்பே எடுக்கலாம். உங்கள் கணக்குக்கு இன்னும் மூன்று வாரம்தான். வலி குறையாவிட்டால் அந்த வாரங்களை யோசிக்காமல் எடுங்கள். அந்தப் பணத்தை வாங்கித் தருகிறேன் என்று கமிஷன் கேட்டு வருபவரிடம் காகிதத்தைக் கொடுக்காதீர்கள். நேரில் போனால் செலவில்லாமல் நடக்கும்.

வீட்டில் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்து, துண்டு சுற்றிய வெந்நீர்ப் பையை 15 நிமிஷம் வையுங்கள். காலையும் மாலையும் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி நின்று, பூனை மாதிரி முதுகை மெதுவாகத் தூக்கி இறக்குங்கள், பத்து முறை போதும். பைக்கில் ஒருக்களித்து உட்கார்ந்து போவதை நிறுத்துங்கள். ஒவ்வொரு வேகத்தடையும் அந்த எலும்பில்தான் இறங்குகிறது.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வீட்டு வைத்தியம் வேண்டாம். உங்கள் வலி உட்கார்ந்தால் வருகிறது, நடந்தால் போகிறது. இது மாறி, உட்கார்ந்தாலும் நடந்தாலும் ஒன்றுபோல, வலி வந்து வந்து போனால் கவனியுங்கள். 32 வாரத்தில் ஒரு பெண் என்னிடம் “வால் எலும்பு வலி” என்றுதான் வந்தார். ஒத்தடம் கேட்டார். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு வாக்கியத்தின் நடுவில் நிறுத்தி மேஜையைப் பிடித்துக்கொண்டார், பிறகு தொடர்ந்தார். சற்று நேரத்தில் மறுபடியும் அதே மாதிரி. வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன், கல் மாதிரி இறுகிப் பிறகு தளர்ந்தது. எலும்பு வலி அல்ல, பிரசவ வலி. உடனே அனுப்பிவைத்தோம். குறைப்பிரசவ வலி சிலருக்கு வயிற்றில் தெரியாது, அடிமுதுகில்தான் தெரியும். ஆகவே வலி வரும்போது கடிகாரத்தைப் பாருங்கள், வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் நான்கைந்து முறை வந்து போனால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தம், நீர் கசிவு, காய்ச்சல், தொடை நடுவே மரத்துப்போவது, சிறுநீரோ மலமோ தெரியாமல் போவது, இவற்றில் எது வந்தாலும் அப்படியே.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னால் “கர்ப்பம்னா வலிக்கத்தான்மா செய்யும்” என்று எடையும் பிரஷரும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். அங்கே இருக்கும் கூட்டத்துக்கு அந்த நர்ஸைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கர்ப்பிணியின் உட்காரும் வலியைப் பற்றிக் கேட்பதற்கு ஒரு கட்டம்கூட நம் கர்ப்பிணிப் பரிசோதனை அட்டையில் இல்லை என்பதைப் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். கட்டம் இல்லாவிட்டால் என்ன, அட்டையின் ஓரத்தில் “வால் எலும்பு வலி உள்ளது” என்று எழுதித் தரச் சொல்லுங்கள். முன்பு எப்போதாவது படியிலோ பாத்ரூமிலோ விழுந்து அந்த இடத்தில் அடிபட்டிருந்தால் அதையும் எழுதச் சொல்லுங்கள். பிரசவ அறையில் மல்லாக்கப் படுக்க வைத்தால் அந்த எலும்பு மேஜையில் அழுந்தி நகர இடம் இல்லாமல் போகும். அட்டையைக் காட்டி, “ஒருக்களித்துப் படுக்கட்டுமா?” என்று கேளுங்கள். வலியில் உங்களுக்குக் கேட்க வராது. அதனால் கூட வரும் அம்மாவிடமோ மாமியாரிடமோ இதை இப்போதே சொல்லி வையுங்கள்.