புதிய செவிலியரும் மூத்தவரின் பொறுப்பும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பட்டம் பெற்று நேராக எங்கள் மருத்துவமனையில் சேர்ந்த செவிலியர் ஒருவரை ஆறு வாரங்களுக்கு என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். நல்ல மதிப்பெண்களுடன் தேறியவர். ஆனால் வார்டில் தயங்கி நிற்கிறார், எதையும் வாய்திறந்து கேட்பதுமில்லை. கடைசி வாரத்தில் அவரைப் பற்றி நான் மதிப்பீட்டு அறிக்கை தர வேண்டும். அவரை எப்படிப் பழக்குவது?
- மூத்த செவிலியர், பொது மருத்துவ வார்டு

பதில்: அவர் வாய்திறக்காததற்கு அந்த அறிக்கையே காரணமாக இருக்கலாம். தம்மை மதிப்பிடப் போகிறவரிடம் "எனக்கு இது தெரியாது" என்று சொல்ல யாருக்குத்தான் துணிவு வரும்? உடனிருந்து வேலை பழக்கி மதிப்பிடுபவர் ஒருவராகவும், அறிக்கை எதுவும் எழுதாமல் ஓராண்டுக்காவது மனம்விட்டுப் பேசக் கிடைக்கும் வழிகாட்டி வேறொருவராகவும் இருப்பதே நல்லது. செவிலியர் கண்காணிப்பாளரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். ஆள் இல்லை என்று சொன்னால் (பெரும்பாலும் அப்படித்தான் சொல்வார்கள்), மதிப்பீட்டுப் படிவத்தை இப்போதே அவர் கையில் கொடுத்து, தெரியாததைக் கேட்பது அவருக்குச் சாதகமாகவே எழுதப்படும் என்று சொல்லிவிடுங்கள். சொன்னபடி எழுதவும் செய்யுங்கள்.

தயக்கத்தைத் திறமைக் குறைவாக எண்ண வேண்டாம். கல்லூரியில் கற்றதற்கும் வார்டில் காண்பதற்கும் இடையே புதியவர்கள் படும் தடுமாற்றத்துக்கு அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர் மார்லின் கிரேமர் 1974-இலேயே 'எதார்த்த அதிர்ச்சி' என்று பெயரிட்டார். செவிலியரின் தேர்ச்சியை ஐந்து படிகளாக வகுத்த இன்னொரு அமெரிக்கச் செவிலியர் அறிஞர் பாட்ரிசியா பென்னர், ஒரே வகைப் பணியில் இரண்டு மூன்று ஆண்டுகள் இருந்த பிறகே மூன்றாம் படியை எட்ட முடியும் என்றார். அதற்கு முந்தைய படியில் நிற்பவருக்கு விதிகள் தெரியும். நான்கு வேலைகள் ஒன்றாக வந்து நிற்கும்போது எது முதலில் என்பதுதான் தெரியாது.

எனவே ஷிஃப்ட் ஒப்படைப்பு முடிந்ததும் ஐந்து நிமிடம் ஒதுக்கி, எந்த நோயாளியை முதலில் பார்க்கப் போகிறார், ஏன் என்பதை அவரையே சொல்லச் சொல்லுங்கள். ஒருவருக்குக் கட்டு மாற்றும் நேரம் தாண்டிவிட்டது. இன்னொருவரின் உறவினர் டிஸ்சார்ஜ் தாள்களுக்காகச் சத்தம் போடுகிறார். மூன்றாமவர் வலி மாத்திரை கேட்கிறார். நான்காமவர் எதுவும் கேட்காமல் படுத்திருக்கிறார், ஆனால் அவரது மூச்சு நிமிடத்துக்கு 18-இலிருந்து 26 ஆகியிருக்கிறது. புதியவர் சத்தம் வரும் பக்கம் ஓடுவார். மூச்சு வேகமாவது நிலை மோசமாவதன் அறிகுறியாக இருக்கலாம் என்பதால் நீங்கள் நான்காமவரிடம் போவீர்கள். ஏன் போகிறீர்கள் என்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போங்கள். அனுபவசாலிகள் இந்தக் கணக்கை மனத்துக்குள்ளேயே போட்டுவிடுவதால், பக்கத்தில் நிற்பவருக்கு அது எட்டுவதே இல்லை.

இன்சுலின், ஹெப்பாரின் (ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து) போன்ற ஆபத்து மிகுந்த மருந்துகளின் அளவை இருவரும் தனித்தனியே கணக்கிட்ட பிறகு ஒப்பிடுங்கள், விடையை நீங்களே சொல்லிவிட்டு "சரிதானே?" என்று கேட்டால் அவர் தலையாட்டத்தான் செய்வார். பிழைகளை நோயாளியின் முன்னால் சுட்டிக்காட்ட வேண்டாம், ஆபத்து கண்ணெதிரே இருந்தாலொழிய.

இவை யாவும் இருவருக்கும் ஒரே ஷிஃப்ட் அமைந்தால்தான் நடக்கும். உங்களுக்குப் பகலும் அவருக்கு இரவுமாக டியூட்டி போட்டுவிட்டு, உங்கள் நோயாளிகளின் எண்ணிக்கையையும் குறைக்காமல், வழிகாட்டல் நடக்கிறது என்று கோப்பில் எழுதிக்கொள்வது நிர்வாகம் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வதாகும்.

கேள்வி: நான் பணியில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. இரவில் நோயாளியின் நிலை மாறினால் மருத்துவரைத் தொலைபேசியில் அழைக்க அஞ்சுகிறேன். "இதற்கெல்லாமா எழுப்புவது?" என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது?
- ஒரு புதிய செவிலியர்

பதில்: அழைக்கும் முன் நான்கு வரிகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: இப்போதைய நிலைமை, நோயாளியின் பின்னணி, உங்கள் கணிப்பு, உங்கள் வேண்டுகோள். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைகளுக்கு வந்த இந்த 'எஸ்பார்' (SBAR, இந்த நான்கு வரிகளைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள்) முறையில் புதியவர்கள் தவறவிடுவது நான்காவது வரியைத்தான். ரத்த அழுத்தம் குறைந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். "நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும்" என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. தொலைபேசியில் தரும் உத்தரவை எழுதிக்கொண்டு, அதைத் திரும்பப் படித்துக் காட்டி உறுதி செய்யுங்கள். கடிந்துகொண்டு வர மறுத்தால், அழைத்த நேரத்தைக் குறித்து வைத்துவிட்டு, இரவுப் பணி மேற்பார்வையாளரை உடனே அழையுங்கள். அது புகார் சொல்வதாகாது, உங்கள் பணியின் ஒரு பகுதியே.